தமிழரசியிடம் யாரும் சொல்லவில்லை

பேருந்தில் எல்லோரும் கடல் தெரிகிறது என்று ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். நான் திரையை இழுத்து மூடினேன். நடத்துநருக்கு அது பிடிக்கவில்லை.

"இன்னாம்மா இது, காத்து வரட்டும், தொறந்து வையி."

"வெயில் எனக்கு ஆகாதுங்க."

"வெயிலு யாருக்குத்தான் ஆவுது?" என்று கேட்டுவிட்டு அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் எனக்கு ஆகாது என்பது வேறு மாதிரி. கொஞ்ச நேரம் வெயிலில் நின்றால் இரண்டு கன்னங்களும் சிவந்து தடிக்கும். மறுநாள் விரல்கள் மடங்காது. அதற்கு மறுநாள் காய்ச்சலில் படுத்துவிடுவேன். லூபஸ் என்று அதற்குப் பெயர். கிருமிகளை எதிர்க்க வேண்டிய சக்தி ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே தாக்கும் வியாதி. அதனால்தான் புதுச்சேரி வெயிலில், முழுக்கைச் சட்டை, கையுறை, பெரிய கறுப்புக் குடை என்று நான் வந்து இறங்கினேன். பேருந்து நிலையத்தில் முதுகு தெரிய உடை போட்ட வெள்ளைக்காரப் பெண்கள் வெயிலை அனுபவித்துக்கொண்டு போனார்கள். அவர்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

நான் மலேசியாவில், ஈப்போவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் சித்தப்பா இளவயதிலேயே மலாயாவை விட்டு இந்தியாவுக்குத் திரும்பியவர். அவருடைய கடைசி மகள் தமிழரசி, முத்தியால்பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். சேதராப்பட்டில் ஒரு துணி ஆலையில் தையல் வேலை. கணவன் முருகவேல் மோட்டார் சைக்கிள் பட்டறையில் மெக்கானிக். பள்ளி விடுமுறைக்குச் சில வாரங்களுக்கு முன்னால் அவள் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, உனக்கு வந்த அதே நோவு எனக்கும் வந்துடுச்சிக்கா, இவ்ளோ நாளா சொல்லாம இருந்தேன். எங்க ஊரு ஆஸ்பத்திரிலயே இதுக்குப் புது மருந்து சோதிச்சுப் பாக்கறாங்களாம். அங்க வேல செய்யற அம்மா ஒண்ணு எங்க தெருவுல இருக்குது, அது சொல்லுச்சி. நெஜமா இருக்குமா?"

அன்று மாலையே இணையத்தில் தேடினேன். நிஜம்தான். எந்தெந்த ஊர்களில் அந்த மருந்தைச் சோதிக்கிறார்கள் என்ற வரிசையில் புதுச்சேரியின் பெயரும் இருந்தது. ஈப்போவில் ஒரு வீட்டுக் கணினியில் உட்கார்ந்து, முத்தியால்பேட்டைக்காரிக்கு அவள் ஊரில் என்ன நடக்கிறது என்று நான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. என் கோபம் அங்கேதான் தொடங்கியது.

எனக்கு இதில் அனுபவம் உண்டு. எங்கள் ஊரில் நானும் ஒரு மருந்துச் சோதனையில் சேர்ந்திருந்தேன். சேர்வதற்கு முன் ஒரு தாதி என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். தாள்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். 'வீட்டுக்காரரிடம் கேளுங்க, நாலு பேரிடம் கேளுங்க. சேராவிட்டாலும் நாங்க உங்களை விட்டுட மாட்டோம்' என்றார். அந்த மருந்து எனக்கு அதிசயம் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அந்தக் காலம் முழுவதும் என் இரத்தத்தையும் சிறுநீரையும் ஒருவர் விடாமல் கவனித்துக்கொண்டிருந்தார். அதுவே பெரிய வைத்தியம்.

முத்தியால்பேட்டையில் அந்தச் சந்துக்குள் ஆட்டோ நுழையவில்லை. முனையில் இறங்கி நடந்தேன். வாசலில் நின்றவள் தமிழரசி என்று தெரிய ஒரு கணம் பிடித்தது. முகம் ஊதியிருந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் அந்தச் சிவப்பு. எனக்குப் பழக்கமான சிவப்பு. குனிந்து பார்த்தேன், கணுக்கால்கள் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினேன். பள்ளம் விழுந்தது, எழும்பவில்லை.

"எத்தனை நாளாடி இப்படி?"

"அது கொஞ்ச நாளா இருக்குதுக்கா. டாக்டரு உப்ப கொறைக்கச் சொன்னாரு."

உப்பைக் குறைப்பது என்றால் என்ன என்று அன்று இரவுச் சாப்பாட்டில் தெரிந்துகொண்டேன். அவள் மாமியார் அஞ்சலை அம்மாள் காலையில் தெருமுனையில் இட்லிக்கடை போடுகிறவர். கைமணம் உள்ளவர். எனக்காக வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்திருந்தார். நிறம், மணம் எல்லாம் இருந்தது. வாயில் வைத்தால் உப்பே இல்லை. முருகவேல் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வூட்ல யாருக்குமே உப்பு கெடையாது" என்றார் அஞ்சலை அம்மாள். "நாம உப்பு போட்டுத் தின்னா அதுக்கு ஆச வருமில்ல? தப்பா நெனக்காத மலேசியாக்காரம்மா."

எங்கள் ஊரில் நாக்குக்கு ஒரு நாள் ருசி குறைந்தால் வீடே சண்டைக்காடாகும். இந்த வீட்டில் மருமகளுக்காக எல்லோரும் மாதக்கணக்கில் உப்பில்லாமல் சாப்பிடுகிறார்கள். அந்தக் குழம்பை நான் மறுபடி வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்தச் சாப்பாட்டின்போதுதான் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. ஊருக்குள் மாலை நேரத்தில் க்ளினிக் நடத்தும் ஒரு மூட்டுநோய் மருத்துவரிடம் தமிழரசி ஒன்றரை வருடமாக வைத்தியம் பார்க்கிறாள். பகலில் அவர் உழவர்கரைக்கு அப்பால் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறார். இணையத்தில் நான் பார்த்த பெயரும் அதுதான்; அந்த மருந்துச் சோதனையை நடத்துகிறவரே அவர்தான்.

"அவரு உன்னிடம் ஒன்றும் சொல்லவே இல்லையா?"

"இல்லக்கா. மாத்திர எழுதுவாரு. வெயில்ல போவாதன்னுவாரு. அடுத்த ஆள கூப்புடுவாரு."

மறுநாள் காலை டெம்போவில் கிளம்பினோம். மூன்று சக்கரத்தில் இத்தனை பேரை ஏற்ற முடியும் என்று எங்கள் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். என் முழங்கால் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரின் முழங்காலோடு இடித்துக்கொண்டே வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குபவர். ஊரில் அவர்களைச் சொல்தா என்கிறார்கள். என் கையுறையைப் பார்த்துவிட்டுக் காரணம் கேட்டார். சொன்னேன். ஆஸ்பத்திரிக்கா என்றார். ஆமாம் என்றேன்.

"அங்க பிரான்சுல டாக்டரு எழுந்து வந்து கதவாண்ட நின்னு கை குடுப்பாரு. மொதல்ல போன்ழூர்னு வணக்கம், அப்பறம்தான் வியாதி. இங்க பாரு, நாமதான் அவருக்குக் கும்புடு போடணும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் டெம்போ இருமியது, இன்னொரு முறை இருமியது, நின்றுவிட்டது. எல்லோரையும் இறக்கி விட்டார்கள். நிழலே இல்லாத இடம். ஒரே குடையில் நானும் தமிழரசியும் ஒட்டிக்கொண்டு நின்றோம். சிவப்புத் தொப்பிக் காவலர் ஒருவர் டெம்போவை ஓரங்கட்டச் சொல்லி ஓட்டுநரிடம் சத்தம் போட்டார். பெரியவர் குடைக்கு வெளியே நின்று, எங்கள் பக்கம் விழுந்த வெயிலைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டார். அடுத்த வண்டி வந்ததும் எங்களை ஏற்றிவிட்டுத்தான் ஏறினார்.

மருத்துவமனை கண்ணாடியும் பளிங்குமாக இருந்தது. வரவேற்பில் இருந்த பெண்ணிடம், லூபஸ் ட்ரையலுக்காக வந்திருக்கிறோம் என்றேன்.

"ட்ரையலா? கேஸு எதனா இருக்குதா? கோர்ட்டு வேற எடத்துல இருக்குதும்மா."

கோர்ட்டு இல்லை, புது மருந்துச் சோதனை என்று விளக்கினேன். அவர் பக்கத்துப் பெண்ணைக் கேட்டார். அவர் மருந்துக்கடைக்கு அனுப்பினார். மருந்துக்கடைக்காரர் மேல்மாடி என்றார். மேல்மாடியில் அது பிரசவப் பிரிவு. வீங்கிய காலை இழுத்துக்கொண்டு தமிழரசி படி ஏறினாள், இறங்கினாள். உலகம் முழுவதும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருக்கிற சோதனையை அது நடக்கிற கட்டடத்துக்குள் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "ரோஸ்லின் மேடத்தத் தேடறீங்களா? பின்பக்கம் போங்க" என்றார்.

ரோஸ்லின் சோதனை வேலைகளைக் கவனிக்கும் பெண். எங்களை மருத்துவரிடம் அழைத்துப் போனார். மருத்துவர் எழுந்து நிற்கவில்லை, கையும் கொடுக்கவில்லை. தமிழரசியை அடையாளம் கண்டுகொண்டார். முகம் சுருங்கியது.

"இதப் பத்தி உனக்கு யாரு சொன்னது?"

தமிழரசி என்னைப் பார்த்தாள். தெருக்காரம்மாவை மாட்டிவிடாமல், இணையத்தில் நான் பார்த்தேன் என்றேன்.

"இதெல்லாம் பேஷண்ட் தானா வந்து கேக்கற விஷயம் இல்லம்மா. யாரு பொருத்தம்னு நாங்கதான் பாத்து எடுப்போம்."

"பார்த்தீங்களா டாக்டர்? ஒன்றரை வருஷமா உங்ககிட்டதானே வர்றா?"

அவர் என்னை விட்டுத் திரும்பினார். ரோஸ்லினிடம் ஆங்கிலத்தில், இன்னும் ஆட்கள் தேவைப்படுகிறதா என்று கேட்டார். தேவைப்படுகிறது, சேர்க்கை சீக்கிரம் முடிகிறது என்றார் ரோஸ்லின். "சரி, கையெழுத்து வாங்கிட்டு டெஸ்ட் எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் தொலைபேசியை எடுத்தார்.

பக்கத்து அறையில் ரோஸ்லின் ஒரு கட்டுத் தாளை மேசையில் வைத்தார். எல்லாம் ஆங்கிலம். கடைசிப் பக்கத்தைத் திருப்பி விரலால் ஓர் இடத்தைக் காட்டினார். தமிழரசி பேனாவை எடுத்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"தமிழில் கொடுங்க. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிச்சிட்டு வர்றோம்."

"தமிழ்ல இருக்குது மேடம், தேடணும். யாரும் கேக்க மாட்டாங்க" என்றார் ரோஸ்லின். அவர் கெட்டவர் இல்லை. அவசரத்தில் இருந்தார், அவ்வளவுதான். அவர் தேடப் போனதும் தமிழரசி என்னை வெளியே இழுத்து வந்தாள். இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது என் மேல் பாய்ந்தது.

"நீ இன்னாக்கா பண்ற? முடியாதுன்னு அனுப்பிட்டா? உனக்கென்ன, லீவு முடிஞ்சா ஏரோப்ளேன் ஏறிப் போயிடுவ. உங்க ஊர்ல உன்ன ஒக்கார வச்சிப் பேசுவாங்க. எனக்கு இங்க யாரு பேசறா? கெடைக்கறத விட்டுட்டு நான் எங்க போறது?"

அவள் குரல் உடைந்தது. தாழ்வாரத்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போடு என்று சொல்ல என்னால் முடியவில்லை.

"சேராதே என்று நான் சொல்லலடி. உன் உடம்புக்குள்ள என்ன போகப் போகுதுன்னு தெரிஞ்சிக்கிட்டுச் சேருன்னுதான் சொல்றேன். ஒரே ஒரு ராத்திரி."

அவள் என்னோடு வீடு வரை பேசவில்லை.

தமிழ்த் தாள்கள் கிடைத்தன. அவற்றைத் தமிழ் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'பங்கேற்பாளருக்கு நேரிடக்கூடிய பாதகமான நிகழ்வுகளின் தீவிரத்தன்மையானது ஆய்வாளரால் மதிப்பிடப்படும்' என்று போகிறது. இருபது வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், ஒரு வரியை மூன்று தரம் படித்தால்தான் எழுவாய் எங்கே என்று தெரிகிறது. எழுதியவருக்கு ஒரு மனிதர் இதைப் படிப்பார் என்ற நினைப்பே இருந்திருக்காது. தாள் இருக்க வேண்டும், இருக்கிறது, முடிந்தது.

மாலையில் நால்வரும் தரையில் உட்கார்ந்தோம். நான் ஒவ்வொரு வரியாகப் படித்து, பேச்சுத்தமிழில் சொன்னேன். இரண்டு கூட்டமாகப் பிரிப்பார்கள், ஒரு கூட்டத்துக்குப் புது மருந்து, இன்னொன்றுக்கு அதே மாதிரி தெரிகிற வெறும் மாத்திரை என்ற இடம் வந்ததும் அஞ்சலை அம்மாள் கொதித்துவிட்டார்.

"வெறும் மாத்திரையா? நோவுல கெடக்கறவளுக்கு மாவு உருண்ட குடுத்து ஏமாத்துவானுங்களா?"

ஏமாற்று இல்லை, வழக்கமான மருந்து இரண்டு கூட்டத்துக்கும் உண்டு, அதற்கு மேல்தான் இது, எந்தக் கூட்டம் என்று டாக்டருக்கே தெரியாது என்றேன். அவர் அரைமனதாக ஒப்புக்கொண்டார். பிறகு அடுத்த பக்கம். மருந்து சாப்பிடுகிற காலத்திலும் அதற்குப் பிறகு சில மாதங்களும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. நான் படிப்பதை நிறுத்தினேன். கல்யாணமாகி நாலு வருடம். குழந்தைக்காக அவர்கள் ஏறாத கோயில் இல்லை. முருகவேல் தன் கையிலிருந்த கிரீஸ் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இத அங்க சொல்லவே இல்லியே" என்றாள் தமிழரசி மெதுவாக. இவ்வளவு நேரத்தில் அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அஞ்சலை அம்மாள் எழுந்து உள்ளே போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "மேல படிம்மா" என்றார். நான் படித்தேன்.

முடித்ததும் முருகவேல் கேட்டான்: "அரசி, உனக்கு இன்னா தோணுது?"

அவள் தாள்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "சேர்றேன். ஆனா நாளைக்கு நானே ஒண்ணு கேக்கணும். அக்கா, நீ பேசாத."

மறுநாள் நான் பேசவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தமிழரசி மருத்துவரின் முன் நேராக உட்கார்ந்தாள்.

"சார், இந்த மருந்து எனக்கு நல்லா கேட்டுச்சின்னா, சோதனை முடிஞ்சதும் தொடர்ந்து குடுப்பீங்களா?"

"அது மருந்து கம்பெனி முடிவு. இப்பத்திக்கு அப்படி ஏற்பாடு இல்ல."

"அப்ப கடையில வாங்கிக்கலாமா?"

"இந்தியாவுக்கு எப்ப வரும்னு சொல்ல முடியாதும்மா. வந்தாலும்..." அவர் முடிக்கவில்லை. அவள் புடவையையும் வெறும் கழுத்தையும் ஒரு பார்வை பார்த்தார். மீதி வாக்கியம் அந்தப் பார்வையில் இருந்தது.

இந்த ஊர்ப் பெண்களின் இரத்தத்தில் சோதித்துப் பார்த்து, தேறிய பிறகு, இந்த ஊருக்கு எட்டாத விலையில் எங்கேயோ விற்பார்கள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். தமிழரசி என் தொடையில் கையை வைத்து அழுத்தினாள்.

"செரி சார். தெரிஞ்சிக்கலாம்னுதான் கேட்டேன். அது வரைக்குமாவது பாத்துப்பீங்க இல்ல?" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். தமிழில், முழுப் பெயர், நிதானமாக. ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். ரோஸ்லின் இரத்தமும் சிறுநீரும் எடுத்துக்கொண்டார். முடிவு வரச் சில நாள் ஆகும் என்றார்.

அந்த நாட்கள்தான் இந்தப் பயணத்தில் நான் ஊர் பார்த்த நாட்கள். வெயில் இறங்கிய பிறகு இரண்டு பேரும் கடற்கரைச் சாலைக்குப் போவோம். பகலெல்லாம் ஒளிந்திருந்துவிட்டு அந்தி சாய்ந்ததும் வெளியே வரும் வௌவால்கள் நாங்கள். கருங்கல் பாறைகளில் அலை மோதும். இவ்வளவு பெயர் பெற்ற கடற்கரையில் மணலே இல்லை என்றேன். "கல்லு போட்டுட்டாங்கக்கா, இல்லாட்டி ஊரே போயிருக்கும்" என்றாள். சுண்டல்காரரிடம் உப்பில்லாமல் கேட்டால் அவர் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார். தேங்காய்ப்பாலில் வேகவைத்த எங்கள் ஊர் நாசி லெமாக் சோற்றைப் பற்றி நான் சொல்ல, நெத்திலியும் நிலக்கடலையும் காலைச் சாப்பாட்டிலா என்று அவள் சிரித்தாள். நன்றாகி விட்டால் ஈப்போவுக்கு வருவேன் என்றாள். நன்றாகி விட்டால் என்று அவள் அந்த நாட்களில் அடிக்கடி சொன்னாள்.

ரோஸ்லினிடமிருந்து அழைப்பு வந்தது. உடனே வரச் சொன்னார்.

மருத்துவர் இந்த முறை தொலைபேசியை எடுக்கவில்லை. தாளைப் பார்த்தபடி இருந்தார். "சேர்க்க முடியாதும்மா. சிறுநீரகம் ரொம்ப பாதிச்சிருக்கு. இந்த அளவுக்கு மேல போனவங்களுக்குப் புது மருந்து குடுத்துப் பாக்கறது ஆபத்து. சோதனையோட விதியே கூடாதுங்குது."

அந்த விதி சரியானதுதான். நானே அந்தத் தாள்களில் அதைப் படித்திருந்தேன். அதில் எனக்குச் சண்டை இல்லை.

"எப்ப வந்திருந்தா சேர்த்திருப்பீங்க?" என்று கேட்டேன்.

அவர் தயங்கினார். பொய் சொல்லவில்லை, அதற்கு மட்டும் அவருக்கு மரியாதை தருவேன். "ஆரம்பத்துலயே வந்திருந்தா... போன வருஷம் சோதனை தொடங்கினப்ப... சேர்த்திருக்கலாம்."

"போன வருஷம் அவ உங்க எதிரேதானே உட்கார்ந்திருந்தா?"

"பாருங்க, இதுக்கு அடிக்கடி வரணும். விடாம வரணும். கம்பெனி வேலைக்குப் போறவங்க, படிப்பு கம்மி, பாதியில நின்னுடுவாங்க. நின்னுட்டா எங்க கணக்கே கெட்டுடும். அதனால அவங்ககிட்ட..."

"கேட்டீங்களா சார்?" என்றாள் தமிழரசி.

குரல் உயரவில்லை.

"வருவியான்னு ஒருவாட்டி கேட்டீங்களா? நான் கம்பெனிக்கு ஒருநாளு லேட்டா போனது கெடையாது. கால் வீங்கி செருப்பு நுழையலன்னு வெறுங்கால்ல போயிருக்கேன். உங்க க்ளினிக்குக்கு ஒரு தடவையாவது வராம இருந்தேனா? ஒன்ற வருசமா மாசாமாசம் வந்துகினு இருந்தனே, அதப் பாத்தும் வரமாட்டான்னு எப்டி சார் நெனச்சீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார். பிறகு அரசு மருத்துவமனைக்குத் தானே பேசி, மறுநாள் காலை அவளைச் சேர்க்க ஏற்பாடு செய்தார். அதைச் செய்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவமனையில் மாதம் ஒரு முறை நரம்பில் ஏற்றும் கடுமையான மருந்தைத் தொடங்கினார்கள். முதல் ஊசிக்கு முன் தமிழரசி, "இதப் போட்டா எனக்குப் புள்ள பொறக்குமா, பொறக்காதா?" என்று கேட்டாளாம். பணியிலிருந்த பெண் மருத்துவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, பிறக்காமலும் போகலாம் என்பதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அவளும் முருகவேலும் பேசிக்கொண்ட பிறகுதான் மருந்து ஏறியது. நான் ஊருக்குத் திரும்பிய சில மாதங்களில் வீக்கம் வடிந்தது. சிறுநீரகம் முழுவதும் மீளவில்லை, ஆனால் தாக்குப்பிடித்தது. இப்போது பாதி நேர வேலைக்குப் போகிறாள். குழந்தை பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. சோதனையில் சேர்ந்திருந்தால் நன்றாக இருந்திருப்பாளா? தெரியாது. வெறும் மாத்திரைக் கூட்டத்தில்கூட விழுந்திருக்கலாம். ஆனால் விழுந்திருந்தாலும், போன வருடமே அவள் சிறுநீரை யாராவது விடாமல் பார்த்திருப்பார்கள். அது கிடைக்காமல் போனதற்கு வியாதி காரணமில்லை.

சேர்க்க முடியாது என்று சொன்ன அன்று மாலைதான் இன்னும் பாக்கி இருக்கிறது. மருத்துவமனைக்கு எடுத்துப்போகத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். தமிழரசி புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"க்ளினிக்குக்குப் போவணும், வா."

"எந்தக் க்ளினிக்? அவர்கிட்டயா? படுத்து ஓய்வெடுடி."

"நாளைலேர்ந்து படுக்கத்தான போறேன்."

முருகவேல் வண்டியில் எங்களை ஒவ்வொருவராகக் கொண்டுபோய் விட்டான். மாடிப்படிக்குக் கீழே நீளமான பெஞ்சில் நோயாளிகள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பாதிப்பேர் முட்டிவலிக்கு வந்த வயதானவர்கள். தமிழரசி உட்காரவில்லை. எல்லோருக்கும் முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, அம்மா, கொஞ்சம் கேளுங்க. இங்க யாருக்காவது இந்த மாதிரி மூஞ்சி செவந்து, வெயில் ஆவாம, கைகால் நோவு இருக்குதா? லூபஸுன்னு டாக்டரு எழுதிக் குடுத்திருக்காரா? அதுக்குப் புது மருந்து சோதிக்கறாங்க. இவருதான் நடத்தறாரு. நல்லது இருக்கலாம், கெட்டதும் இருக்கலாம். நீங்களா கேட்டாத்தான் சொல்வாங்க. தமிழ்ல எழுதின தாள கேளுங்க. வூட்டுக்கு எடுத்துனு போய்ப் படிங்க. புரியலன்னா புரியலன்னு சொல்லுங்க. சீக்கிரம் கேளுங்க. நான் லேட்டாயிட்டேன்."

வரிசை எண் சொல்லும் கம்பவுண்டர் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடிவந்தார். "இன்னாம்மா இது, கூட்டம் போடற எடமா?"

"கூட்டம் நான் போடலண்ணா. இவங்க நீங்க ஒக்கார வச்ச ஆளுங்கதான்."

ஒரு கிழவி சிரித்துவிட்டார். இன்னொருவர், "அது நல்லதத்தானய்யா சொல்லுது, சொல்லட்டும் வுடு" என்றார். கம்பவுண்டர் என்னைப் பார்த்தார். நான் குடையை ஊன்றிக்கொண்டு தமிழரசியின் பக்கத்தில் போய் நின்றேன்.

பெஞ்சின் கடைசியில் ஒரு பெண், இருபது வயது இருக்கும், துப்பட்டாவால் கண்ணுக்குக் கீழே முகத்தை மூடியிருந்தாள். பக்கத்தில் அவள் அப்பா, பாகூர்ப் பக்கத்து விவசாயி போல, தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். அவள் மெதுவாகத் துப்பட்டாவை இறக்கினாள். இரண்டு கன்னத்திலும் அதே சிவப்பு.

"இன்னிக்கே கேக்கலாமா அக்கா?" என்றாள்.

"இன்னிக்கே கேளு."

அப்போது உள்கதவு திறந்தது. சத்தம் கேட்டு மருத்துவரே வெளியே வந்திருந்தார். தமிழரசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் கம்பவுண்டர் பழக்கத்தில், "அடுத்தது யாரு?" என்று கத்தினார்.

அந்தப் பெண் எழுந்து நின்றாள். அப்பாவும் துண்டைத் தோளிலிருந்து எடுக்காமலேயே கூட எழுந்தார்.

"நான்தான் சார்" என்றாள். "அந்தச் சோதனையப் பத்தி எங்களுக்குச் சொல்லுங்க."